பயம் எது, பாரம் எது?

கேள்வி: எனக்கு 37 வயது. திருச்சியில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். என் ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று போன வருடம் சொன்னார்கள். அவனைப் பற்றிக் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் எனக்கே பொருந்தின. நான்கு மாதம் முன்பு என்னையும் பரிசோதித்தார்கள். டாக்டர் "ஆஸ்பெர்ஜர்" என்றார். ரிப்போர்ட்டில் "ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம், லெவல் 1" என்று இருக்கிறது. எது சரி? காரணம் தெரிந்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தேன், பதற்றம்தான் கூடியிருக்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு முழிப்பு வருகிறது. மிக்ஸி ஓடினால் அழுகை வருகிறது. மேனேஜர் "நாளைக்கு வந்து என்னைப் பாருங்க" என்றால் அன்று ராத்திரி தூக்கம் போச்சு. கவுன்டரில் நூறு பேரிடம் பேசுகிறேன், ஆனால் மதியம் சாப்பாட்டு அறையில் நான்கு பேரோடு உட்கார முடியவில்லை. நான் இல்லாமல் போனால் இவர்களுக்கு நிம்மதி என்று ஒருநாள் ராத்திரி தோன்றியது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரையில் பாதி போட்டுப் பார்த்தேன், நன்றாகத் தூங்கினேன். அம்மாவோ, "நீ நல்லாத்தானே இருக்கே, டாக்டர்கிட்ட போயி இல்லாததை வாங்கிட்டு வந்திருக்கே" என்கிறார். மகனோடு பாட்டில் மூடிகளைக் கலர் கலராகப் பிரித்து அடுக்கும் அரை மணி நேரம் மட்டும்தான் நெஞ்சு அமைதியாக இருக்கிறது. அடுத்த மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. எப்படிப் போவேன் என்றும் தெரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு வரியைப் போகிற போக்கில் நடுவில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நீங்கள் இல்லாமல் போனால் மற்றவர்களுக்கு நிம்மதி என்று தோன்றிய அந்த ராத்திரி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த நினைப்பு மறுபடி வந்தால், எந்த நேரமானாலும் சரி, கணவரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள், அது அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். உங்கள் டாக்டரிடம் அடுத்த முறைவரை காத்திருக்காமல் இந்த வாரமே போய் இதை முதலில் சொல்லுங்கள். வாயால் சொல்ல வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இந்த நினைப்பு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. அதனால்தான் இதைச் சும்மா விட எனக்கு மனமில்லை.

பெயர்க் குழப்பம் சீக்கிரம் தீர்ந்துவிடும். 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் என்ற குழந்தை மருத்துவர் சில சிறுவர்களின் இயல்பைப் பற்றி எழுதினார். 1981இல் இங்கிலாந்தின் மனநல மருத்துவர் லோர்னா விங் அவர் பெயரிலேயே அதைப் பரவலாக்கினார். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது தனிப் பெயராக ஏறியது. 2013இல் அதே கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இது தனி வகை இல்லை, ஆட்டிசம்தான் என்று உள்ளே சேர்த்துவிட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அப்படியே. உங்கள் டாக்டர் பழகிய பெயரைச் சொன்னார், ரிப்போர்ட் இன்றைய பெயரைச் சொல்கிறது. லெவல் 1 என்பது எவ்வளவு உதவி தேவை என்பதற்கான மூன்று படிகளில் முதல் படி. இரண்டும் ஒன்றுதான், யாரும் தப்புச் செய்யவில்லை. ஆஸ்பெர்ஜரைப் பற்றித் தேடிப் படித்தால் இன்னொன்றும் கண்ணில் படும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் கொல்லப்பட்ட வியன்னாவின் அம் ஷ்பீகல்கிரண்ட் என்ற இடத்துக்கு நாஜி காலத்தில் அவர் சில குழந்தைகளை அனுப்பியிருக்கிறார் என்று வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு எழுதினார். அந்தப் பெயரே வேண்டாம் என்று பலர் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நானும் இனி ஆட்டிசம் என்றே சொல்கிறேன்.

காரணம் தெரிந்தபின் பதற்றம் ஏன் கூடியது? என்னிடம் வருகிற பெரியவர்களில் பலர் முதல் சில மாதங்களில் இதைத்தான் சொல்கிறார்கள். முப்பத்தேழு வருடம் நீங்கள் இரண்டு வேலை பார்த்திருக்கிறீர்கள். ஒன்று எல்லோரும் செய்கிற வேலை. இன்னொன்று, எப்போது சிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் கண்ணைப் பார்க்க வேண்டும், "சாப்டாச்சா?" என்றால் என்ன பதில் என்று ஒவ்வொரு நொடியும் மனசுக்குள் கணக்குப் போடுகிற வேலை. அது வேலை என்றே தெரியாததால் களைப்பும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அதோடு பழைய நினைவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் ஏன் ஒதுக்கினார்கள், அந்தச் சித்தி ஏன் பேச்சை நிறுத்தினார் என்று. இதில் துக்கம் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அது ஓய மாதக்கணக்கில் ஆகும். பலவீனம் என்ற சொல்லை இதில் கொண்டுவர வேண்டாம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2019இல் வந்த ஒரு கணக்கின்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பதற்ற நோய் வருகிறவர்கள் 42 சதவீதம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் பதற்றம் என்ற ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். அதை அவிழ்த்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்று பயம். இன்னொன்று பாரம். மேனேஜர் கூப்பிட்டதும் வருவது பயம். மிக்ஸி ஓடும்போது வருவது பாரம். நெஞ்சு இரண்டிலும் ஒரே மாதிரிதான் அடிக்கும், ஆனால் வைத்தியம் நேர் எதிர். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் குறையும், ஒதுங்கிக்கொண்டே போனால் வளரும். பாரத்தை இறக்கி வைத்தால்தான் குறையும், பழக்குகிறேன் என்று தூக்கிக்கொண்டே நின்றால் ஒருநாள் ஆளைச் சாய்த்துவிடும்.

இதை நான் ஒருவருக்குத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். பல வருடம் முன்பு ஓர் இளைஞர் வந்தார். பேருந்து நிலையத்துக்குள் போனாலே வியர்த்து நடுங்குகிறது என்றார். கூட்டத்தைக் கண்டு பயம் என்று முடிவு கட்டி, தினமும் பத்து நிமிடம் அங்கே போய் நில்லுங்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும் என்று அனுப்பினேன். சொன்னபடி ஒருநாள் விடாமல் போய் நின்றார். மூன்றாவது வாரம் பேச்சே வராமல், வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். மனிதர்கள் அவருக்குப் பிரச்சினையே இல்லை. ஏர் ஹாரன்தான் பிரச்சினை. அவர் காதுக்கு அது வலி. வலியைப் பழகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருக்கு ஆட்டிசம் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும், "அந்த இடத்தில் சத்தமே இல்லாமல் அதே கூட்டம் இருந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்காமல் நான் எதையும் ஆரம்பிப்பதில்லை.

நீங்களும் இரண்டு வாரம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டுப் போதும். எத்தனை மணி, எங்கே, என்ன சத்தம், என்ன வெளிச்சம், யார் இருந்தார்கள், உடம்பில் என்ன ஆனது, பத்துக்கு எவ்வளவு. என்ன உணர்ச்சி என்று எழுத வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தங்கள் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வருவதில்லை, பசியையும் படபடப்பையும்கூடப் பிரித்தறியச் சிரமப்படுவார்கள். "என்ன ஃபீல் பண்றீங்க?" என்று கவுன்சலிங்கில் கேட்டதும் வாயடைத்துப் போனால் அது உங்கள் குற்றம் இல்லை. "தாடை இறுகியது, கை சில்லிட்டது, 7/10" என்று எழுதினால் எங்களுக்கு அது போதும். நீங்கள் வங்கிக்காரர், பதிவேடு எழுதுவதில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

மிக்ஸிக்கு வருவோம். அதை நிறுத்த முடியாது, சட்னி வேண்டுமே. ஆனால் எப்போது ஓடும் என்று தெரிவது பாதி வைத்தியம். போடுவதற்கு முன்னால் "மிக்ஸி போடறேன்" என்று ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஓரிரு நாளிலேயே பழகிவிடும். கனமான ரப்பர் விரிப்பின் மேல் வைத்தால் மேடை அதிர்வது குறையும். முடிந்தால் நீங்கள் குளிக்கும் நேரத்தில் கணவர் அரைத்து வைக்கட்டும். மருந்துக் கடையில் நுரையில் செய்த காதடைப்பான் மலிவாகக் கிடைக்கும், அந்த ஐந்து நிமிடத்துக்கு மாட்டிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருந்தால் மட்டும் காது இன்னும் கூர்மையாகி, சின்னச் சத்தமும் பெரிதாகிவிடும். ட்யூப்லைட்டின் மினுமினுப்பு, ஜரிகை உறுத்தல், ஊதுபத்தி வாசனை என்று உங்கள் நோட்டில் இன்னும் சில வரும். ஒவ்வொன்றையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும். காலை ஆறு மணிக்கே ஐந்து கிலோ ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஒருவருக்கு, அதில் மூன்று கிலோ இறங்குவது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது மேனேஜர். அவர் சொன்னதில் உங்களைப் பயமுறுத்தியது அவர் இல்லை, அந்த வாக்கியத்தில் இல்லாத விவரம். எதற்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஒன்றும் சொல்லாமல் விட்டார். அந்தக் காலி இடத்தை ராத்திரி முழுக்க உங்கள் மனசு நிரப்பியது. நிச்சயமின்மையைத் தாங்க முடியாததுதான் ஆட்டிசம் உள்ளவர்களின் பதற்றத்துக்குப் பெரிய வேராக இருக்கிறது. கவுன்டரில் நூறு பேரிடம் பேச முடிவதும் சாப்பாட்டு அறையில் நாலு பேரோடு முடியாததும் இதனால்தான். கவுன்டரில் டோக்கன் இருக்கிறது, சலான் இருக்கிறது, பேச்சுக்கு ஆரம்பமும் முடிவும் இருக்கிறது. சாப்பாட்டு அறையில் எதுவும் கிடையாது. அதனால் முதல் படி, கேட்கப் பழகுவது. "சரி சார், எதைப் பத்தின்னு சொன்னீங்கன்னா ஃபைலோட வந்துடறேன்" என்று ஒரு வாக்கியம். இதில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியாது, பொறுப்பான ஊழியர் கேட்கிற கேள்விதான் இது. வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது படி கொஞ்சம் கடினம். எல்லா விவரமும் எப்போதும் கிடைக்காது. அதனால் வேண்டுமென்றே சின்னச் சின்ன நிச்சயமின்மையை ருசி பார்க்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் வேறு தெரு வழியாக வீட்டுக்கு வாருங்கள். ஓட்டலில் கணவரை ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் சாப்பாட்டு அறையில் வாரத்துக்கு இருமுறை, பத்து நிமிடம் மட்டும், ஒரே ஒருவர் பக்கத்தில். களைப்பான நாளில் இதைச் செய்யாதீர்கள். பாரம் இறங்கிய உடம்பில்தான் பயத்தோடு மல்லுக்கட்ட முடியும்.

மூன்று மணி விழிப்புக்கு முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம். தைராய்டு, ஹீமோகுளோபின், ஒரு ஈசிஜி. உங்கள் வயதுப் பெண்களுக்கு இரத்தசோகையும் தைராய்டும் இதே படபடப்பைத் தரும். எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் தலையில் போட்டுவிட்டு இதைத் தவறவிட்ட சிலரைப் பார்த்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். விழித்ததும் பகலில் பேசியதெல்லாம் ஓடுகிறதா? படுக்கையில் புரளாமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் மூன்று வரி எழுதுங்கள்: அவர் சொன்ன வார்த்தை என்ன, நான் எடுத்துக்கொண்ட அர்த்தம் என்ன, இதைக் காலையில் யாரிடம் கேட்கலாம். காலையில் கணவரிடம் கேளுங்கள், ஒரே ஒருமுறை. இரண்டாவது முறை கேட்டால் அப்போதைக்கு நிம்மதி வரும், மூன்றாவது முறை கேட்க வைக்கும். மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாம் சிலருக்கு நன்றாக உதவுகிறது. சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு இன்னும் அடிக்கிறது. நீங்கள் இரண்டாவது வகை என்றால் அதைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம், வேகமாக நடப்பதே போதும்.

பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை இனி தொடாதீர்கள். பெயர் எழுதவில்லை. அநேகமாக அல்பிரஸோலமோ குளோனஸிபாமோ இருக்கும். அன்று ராத்திரி தூக்கம் வரும், ஆனால் தொடர்ந்து போட்டால் சில வாரத்திலேயே அது இல்லாமல் தூங்க முடியாது என்ற நிலை வந்துவிடும். ஆட்டிசத்துக்கு என்று மாத்திரை கிடையாது. பதற்றத்துக்கு இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவற்றை நாங்கள் எழுதுவதுண்டு. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இவற்றைப் பற்றிய ஆய்வுகள் குறைவு, பக்கவிளைவும் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. அதனால் வழக்கமான அளவில் பாதி, சில சமயம் கால் பங்கில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவது என் வழக்கம். முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பு கூடலாம், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். திடீரென்று நிறுத்தக் கூடாது. தூக்கமும் போய், அந்த நினைப்பும் வந்திருப்பதால், உங்களுக்கு மாத்திரை தேவைப்படலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நேரில் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேச்சு சிகிச்சைக்கும் போங்கள். போகும் முன்பே உளவியலாளரிடம் சொல்லிவிடுங்கள்: மொத்தம் எத்தனை முறை, இன்று என்ன பேசப் போகிறோம் என்று முதலிலேயே வேண்டும், கடைசியில் எழுதித் தர வேண்டும், உவமையாகப் பேசாமல் நேராகச் சொல்ல வேண்டும் என்று. அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமோ என்று தயங்காதீர்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான பிரிட்டனின் 2012ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி, சிகிச்சையை இப்படித்தான் மாற்றியமைக்கச் சொல்கிறது.

யாரிடம் சொல்வது? கணவரிடம் முழுவதும். மாமியார் வீட்டில் இப்போதைக்கு யாரிடமும் வேண்டியதில்லை, "சத்தம் ஒத்துக்கலை, தலைவலி வந்துடும்" என்பது போதும், அது பொய்யும் இல்லை. அலுவலகத்திலும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பின்னால் தேவைப்பட்டால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, அரசு நிறுவனங்கள் பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. சான்றிதழுக்குத் தனி மதிப்பீடு உண்டு. அது இன்றைய கவலை இல்லை.

அம்மா விஷயத்தில் எனக்கு உங்கள் மேலும் பரிவு, அவர் மேலும் பரிவு. "நல்லாத்தானே இருக்கே" என்பதற்குள், "அப்படின்னா நான் கவனிக்காம விட்டுட்டேனா?" என்ற கேள்வி ஒளிந்திருக்கலாம். வாதாடாதீர்கள். ஒருநாள், "சின்ன வயசுல நான் எதுக்கெல்லாம்மா அழுவேன்?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை அவரே சொல்லக்கூடும்.

மகனுக்கு உங்களிடமிருந்து வந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எந்தத் தாயின் மனசிலும் அது ஓடும். ஆட்டிசத்தில் மரபின் பங்கு பெரிதுதான். அவனுக்கு எந்தச் சத்தம் வலிக்கும் என்று யாரும் சொல்லாமலே தெரிகிற ஆள் அந்த வீட்டில் நீங்கள்தான் என்பதும் அதே மரபில் வந்ததுதான். பாட்டில் மூடி அடுக்கும் அரை மணி நேரத்தைக் குழந்தை விளையாட்டு என்று தள்ளாதீர்கள். எங்கே என்ன வரும் என்று தெரிந்த, யாருக்காகவும் முகத்தைத் தயார் செய்ய வேண்டாத நேரம் அது. வங்கியிலிருந்து வந்ததும் முதலில் அது, அடுப்படி அப்புறம்.

கல்யாணத்துக்குப் போங்கள். ஆனால் பயத்தையும் பாரத்தையும் பிரித்து எடுத்துக்கொண்டு போங்கள். மேளம், மைக் செட், வீடியோ விளக்கு, உறுத்தும் பட்டு, பந்தி நெரிசல் எல்லாம் பாரம். அதனால் முதல் நாள் வரவேற்பை விட்டுவிடுங்கள், கணவர் போகட்டும். அதற்கு அவரே வீட்டில் காரணம் சொல்லட்டும். முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் போய், மேளக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம், வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். கெட்டிமேளம் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும், அப்போது காதடைப்பான் போதும், தலைமுடி மறைத்துக்கொள்ளும். மண்டபத்தில் மணமகள் அறை தவிர இன்னொரு அறை இருக்கிறதா என்று கணவரை முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். உறுத்தாத பழைய பட்டுப் புடவை ஒன்று எல்லோரிடமும் இருக்கும், அதைக் கட்டுங்கள்.

பயம் எது? யாராவது ஒரு பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "யாருன்னு தெரியுதா, சொல்லு பாக்கலாம்" என்பாரே, அது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு முகம் நினைவில் நிற்பதில்லை, மண்டபத்தில் எல்லோரும் பட்டும் நகையுமாக இருக்கும்போது இன்னும் கடினம். இதிலிருந்து ஓடி ஒளிய வேண்டாம், தயாராகிக்கொள்ளலாம். போன கல்யாண ஆல்பத்தை எடுத்து, கணவர் பக்கத்து உறவில் நெருங்கிய பத்துப் பேர் முகத்தை மகனோடு உட்கார்ந்து பாருங்கள், அவனுக்கும் உதவும். பதினொன்றாவது ஆள் வந்தால், "முகம் தெரியுது, பேருதான் சட்டுனு வரலை, நீங்களே சொல்லுங்க" என்று சிரித்துவிடுங்கள். மண்டபத்தில் பாதிப் பேர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

தாலி கட்டியதும் அட்சதை போட்டு, பரிசைக் கொடுத்து, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கிளம்பும் நேரத்தைக் கணவரும் நீங்களும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் மூடிகள் உள்ள பையை மகனோடு எடுத்துப் போங்கள். மறுநாள் வேலைக்குப் போகாதீர்கள். அந்த ஒருநாள் லீவை இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.